இழுக்கும் படகும் தாங்கும் நீரும்

ஓடும் படகின் பின்னே கட்டிய கயிற்றைப் பற்றிக்கொண்டு, இரு கால்களையும் ஒரே பலகையில் குறுக்காகப் பூட்டி நின்று, அப்படகு எழுப்பிச் செல்லும் அலையின் மேட்டைத் தாவுமேடையாகக் கொண்டு விளையாடும் நீர்விளையாட்டே வேக்போர்டு எனப்படுகிறது. 1922ஆம் ஆண்டு அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் உள்ள பெப்பின் ஏரியில் ரால்ஃப் சாமுவெல்சன் என்ற இளைஞர் இரு பலகைகளைக் காலில் கட்டிக்கொண்டு படகின் பின்னே சறுக்கியதிலிருந்து நீர்ச்சறுக்கு விளையாட்டு தொடங்கியது. 1985ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரில் டோனி ஃபின் உருவாக்கிய ஸ்கர்ஃபர் என்னும் பலகை வேக்போர்டுக்கு வழிவகுத்தது. நீர்ச்சறுக்குக்காரருக்கு அலை ஒரு தொல்லை என்பதால் அவருக்கான படகு இயன்றவரை நீரைக் கலக்காமல் ஓட வேண்டும். வேக்போர்டுக்காரருக்கோ அலைதான் ஆடுகளம் என்பதால் அவருக்கான படகு வேண்டுமென்றே கனமாகவும், நீரில் ஆழ அமிழ்வதாகவும் கட்டப்படுகிறது. ஆகவே புதுச்சேரியில் விளையாட்டுக்கும் குடும்ப உலாவுக்கும் சேர்த்துப் பழைய படகு ஒன்றைத் தேடுபவர் முதலில் விடை காண வேண்டிய கேள்வி, அப்படகு எத்தகைய அலையை எழுப்பும், அந்த அலையை எந்த நீர் தாங்கும் என்பதே. எஞ்சினின் வயதும் மேற்பூச்சின் பளபளப்பும் அதற்கு அடுத்தே வரும்.

மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை விலக்குகிறது என்பது ஆர்க்கிமிடீஸ் காலம் தொட்டு அறியப்பட்டது. படகு முன்னேறும்போது அப்படி விலக்கப்பட்ட நீர் இருபுறமும் மேடாக எழுந்து, படகு கடந்த இடத்தில் உண்டாகும் பள்ளத்தை நிரப்பப் பின்புறமாகப் பாய்ந்து கூடுகிறது. அந்தக் கூடலில் எழும் இரு மேடுகளையே இக்கட்டுரை படகலை என்று குறிக்கிறது. படகின் எடை கூடினால் பள்ளம் ஆழமாகும், மேடும் உயரும். இதனால்தான் வேக்போர்டு படகுகளின் அடித்தளத்தில் நீர் நிரப்பும் தொட்டிகளோ பைகளோ அமைத்து, ஏற்கெனவே 2 டன் அளவில் இருக்கும் படகின் மீது மேலும் பல நூறு கிலோ முதல் ஒரு டன்னுக்கு மேல் வரை நிறைசுமையை ஏற்றுகிறார்கள்.

எடையோடு வேகமும் சேர்ந்தே அலையை வடிவமைக்கிறது. ஆழமான நீரில் அலை செல்லும் வேகம் அதன் நீளத்தைப் பொறுத்தது. நீண்ட அலை வேகமாகவும் குறுகிய அலை மெதுவாகவும் செல்லும். படகு தன் வேகத்திலேயே செல்லும் அலையைத்தான் உடன் இழுத்துச் செல்ல முடியும் என்பதால், வேகம் கூடக்கூட அலையின் நீளமும் கூடி, ஒரு கட்டத்தில் அது படகின் நீளத்துக்குச் சமமாகிறது. நீரைத் தொடும் பகுதி 6.5 மீட்டர் நீளமுள்ள படகுக்கு இந்தக் கட்டம் மணிக்கு சுமார் 11.5 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. அதற்கு மேல் வேகமெடுக்கும் படகு தானே எழுப்பிய அலைமேட்டின் மீது ஏற முயல்வதுபோல் அணியம் என்னும் முன்பகுதி மேலெழும்பி, பின்பகுதி தாழ்ந்து, எரிபொருளை வாரி இறைத்து, மிகப் பெரிய அலையை உண்டாக்குகிறது. அந்த மேட்டைக் கடந்துவிட்டால் நீரின் மேற்பரப்பில் வழுக்கி ஓடத் தொடங்குகிறது, அலையும் சிறுக்கிறது. கயிற்றை விட்டுவிட்டு அலையின் மீதே நின்று ஆடும் வேக்சர்ஃப் என்னும் உடன்பிறப்பு விளையாட்டு மணிக்கு 16 முதல் 18 கிலோமீட்டரில், அதாவது படகு மேட்டில் திணறும் அந்த இடைநிலையில் நடக்கிறது. வேக்போர்டு மணிக்கு 32 முதல் 37 கிலோமீட்டர் வரையிலான வேகத்தில், வழுக்கி ஓடும் நிலையில் நடக்கிறது. ஒரே படகு இரண்டையும் செய்யும் என்றாலும் ஆற்றங்கரைக்கு அவை இரண்டும் ஒன்றல்ல.

படகின் பின்னே விரியும் ஆப்பு வடிவ அலைத்தொகுதி ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 19.5 பாகைக் கோணத்துக்குள் அடங்கும் என்று 1887இல் கெல்வின் பிரபு கணக்கிட்டுக் காட்டினார். வாத்துக்கும் கப்பலுக்கும் அந்தக் கோணம் ஒன்றே என்பது நூற்றாண்டுக்கு மேலாகப் பாடநூல்களில் நிலைத்திருந்தது. 2013இல் மார்க் ரபோ, ஃப்ரெடெரிக் மோய்சி என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் இருவர், வானிலிருந்து எடுக்கப்பட்ட படங்களில் தெரிந்த படகுத் தடங்களை அளந்து, வேகமாக ஓடும் சிறு படகுகளில் கண்ணுக்குத் தெரியும் தடம் அந்தக் கோணத்தைவிடக் குறுகுவதைக் காட்டினார்கள். வேக்போர்டு வேகத்தில் இரு மேடுகளும் நெருங்கி நின்று, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவ இடம் தருவதற்கான காரணத்தின் ஒரு பகுதி இதில் இருக்கிறது.

அலையின் ஆற்றல் அதன் உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதால், உயரம் இரட்டித்தால் கரையில் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகிறது. ஆழமற்ற நீரில் நிலைமை இன்னும் மோசமாகிறது. அங்கே எந்த அலையும் ஆழம் அனுமதிக்கும் எல்லை வேகத்தைத் தாண்டிச் செல்ல முடியாது, படகு அந்த எல்லையை ஒட்டி ஓடும்போது அலைக்குத் தரும் ஆற்றல் கலைந்து போக வழியின்றி ஒரே மேடாகத் திரள்கிறது. 2 மீட்டர் ஆழத்துக்கு அந்த எல்லை மணிக்கு சுமார் 16 கிலோமீட்டர். வேக்சர்ஃபுக்கு ஏற்ற வேகமும் ஆழமற்ற கழிமுக நீரின் எல்லை வேகமும் இப்படி ஒன்றின் மீது ஒன்று வந்து விழுவது, புதுச்சேரியில் படகு வாங்குபவர் மனத்தில் இருத்த வேண்டிய முதல் எண்ணாகும்.

புதுச்சேரி நகரைச் சுற்றிலும் அமைதியான நீர் என்று சொல்லத்தக்கவை சங்கராபரணி ஆற்றின் கிளைகளே. கடலூர் சாலையில் நோணாங்குப்பத்தில் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறை அமைந்துள்ள சுண்ணாம்பாறும், தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தையும் அரிக்கமேட்டையும் தொட்டுச் செல்லும் அரியாங்குப்பம் ஆறும் கடலோடு கலக்கும் உவர்நீர்ப் பகுதிகள். அவற்றின் கரைகள் மணலும் வண்டலும் கண்டல் மரங்களும் ஆனவை. வெண்கண்டலின் மூச்சுவேர்கள் சேற்றிலிருந்து நிமிர்ந்து நிற்கும் இடங்களில், கனத்த படகு ஒன்று திரும்பத் திரும்ப எழுப்பும் அலை வேரடி வண்டலைக் கரைத்து எடுத்துச் சென்றுவிடும். அரிக்கமேட்டின் ஆற்றங்கரை, 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து ரோமானிய வணிகத் தொடர்பை உலகுக்குக் காட்டிய தொல்லியல் நிலம்; அங்கே சரியும் ஒவ்வொரு பிடி மண்ணுக்குள்ளும் திரும்பப் பெற முடியாத சான்றுகள் இருக்கலாம். நகருக்கு மேற்கே உள்ள ஊசுட்டேரி பரந்த நன்னீர்ப் பரப்புதான். ஆயினும் 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்த ஏரியை இழுவைப் படகின் ஓடுகளமாக எண்ணுவதற்கே இடமில்லை.

எஞ்சியிருப்பது கடல். தரைக்காற்று வீசும் விடியற்காலையில் இக்கரையோரக் கடல் ஓரளவு தட்டையாக இருக்கும். வெயில் ஏறித் தரை சூடானதும் அதன் மீதுள்ள காற்று மேலெழும்ப, கடற்காற்று உள்ளே புகுந்து நீரைச் சிற்றலைகளாகக் கலைத்துவிடும். கடலுக்குச் செல்லும் வழியோ மணல் திட்டு அடைத்துக்கொள்ளும் முகத்துவாரம். அதைக் கடக்கும் படகு உடையும் அலையை நேருக்கு நேர் சந்திக்க வேண்டும். இந்தக் கடற்கரையின் பழைய கலங்கள் யாவும் இந்த ஒரு சிக்கலுக்கான விடைகளே ஆகும். கட்டுமரம் தன்மீது ஏறும் நீரைத் தன் இடுக்குகள் வழியே வடியவிட்டு மிதந்தது. கப்பல்களுக்கும் கரைக்கும் இடையே பண்டமும் பயணியரும் ஏற்றிச் சென்ற படகுகள் ஆணியின்றிக் கயிற்றால் தைத்த பலகைகளால் ஆனவையாதலால் அலையின் அடிக்கு வளைந்து கொடுத்தன. அணியம் தாழ்ந்து, பின்புறம் தட்டையாகி, வயிற்றில் நீர்ச்சுமையோடு ஏரிக்கென்று பிறந்த வேக்போர்டு படகு இந்த முகத்துவாரத்துக்கு எந்த வகையிலும் பொருந்தாது.

ஆகவே இவ்வூர்க் குடும்பத்துக்கு ஏற்றது, 5.5 முதல் 6.5 மீட்டர் நீளமும், அலையைப் பிளக்கும் அளவுக்கு ஆழமான ஆங்கில வி எழுத்து வடிவ அடிப்பகுதியும், பின்புறத்தில் தொங்கும் அவுட்போர்டு மோட்டாரும் கொண்ட நிறைசுமை இல்லாத ஃபைபர் படகே. 75 முதல் 115 குதிரைத்திறன் உள்ள மோட்டார் ஒரு வேக்போர்டுக்காரரை நீரிலிருந்து எழுப்பப் போதுமானது. எழும் அலை சிறிதாக இருப்பது கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு நன்மையே தவிர குறையாகாது. ஒரு தடை மட்டும் விலக்கின்றிப் பின்பற்றத்தக்கது. வேக்போர்டு படகில் புரொப்பல்லர் அடிப்பகுதிக்குக் கீழே, பின்விளிம்புக்கு உள்ளடங்கிச் சுழல்கிறது; அவுட்போர்டிலோ அது படகின் கடைசி விளிம்புக்கு வெளியே சுழல்கிறது. எனவே படகை ஒட்டி ஆடும் வேக்சர்ஃபை அவுட்போர்டு படகின் பின்னே ஒருபோதும் ஆடக் கூடாது, நீண்ட கயிற்றில் ஆடும் வேக்போர்டே அதற்கு உரியது.

படகு எது என்று தெளிந்தபின் அதன் உடலைப் பார்க்க வேண்டும். ஃபைபர் என்று வழங்கும் பொருள், கண்ணாடி இழைப் பாய்களைப் பாலியெஸ்டர் பிசினில் நனைத்து அடுக்கி இறுகவைத்த ஒரு கூட்டுப்பொருள். அதன் வெளிப்புறத்தில் ஜெல்கோட் எனப்படும் நிறமுள்ள மெல்லிய பிசின் படலம் வெயிலையும் நீரையும் தடுக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு நிவாரணத்துக்காக மிகக் குறுகிய காலத்தில் ஏராளமான ஃபைபர் படகுகள் இக்கடற்கரையெங்கும் கட்டப்பட்டதும், அவசரத்தில் பிசினும் இழையும் சரியான அளவில் சேராத படகுகள் சில ஆண்டுகளிலேயே தளர்ந்ததும் மீனவர்களுக்கு நன்கு தெரிந்தவை. பழைய படகை வாங்குபவர் அவர்களில் ஒருவரை உடன் அழைத்துச் செல்வது எந்தக் கருவியையும்விடப் பயனுள்ளது.

வெயிலால் ஜெல்கோட் மாவு பூத்துப் போவது அழகுக் குறைவே அன்றி வலிமைக் குறைவன்று. தேய்த்து மெருகேற்றினால் போய்விடும். அடிப்பகுதியில் கொப்புளங்கள் தென்படுவது அதைவிடக் கவனத்துக்குரியது. நீரின் மூலக்கூறுகள் ஜெல்கோட்டை மெதுவாக ஊடுருவி, பிசினில் முழுமையாக வினைபுரியாமல் எஞ்சிய பொருள்களைக் கரைத்து அடர்ந்த கரைசலாக்குகின்றன. அடர்த்தி மிகுந்த பக்கம் நோக்கி மேலும் நீர் ஈர்க்கப்பட, தண்ணீரில் ஊறிய உலர்திராட்சைபோல் உள்ளே அழுத்தம் பெருகிப் படலம் உப்புகிறது. ஒரு கொப்புளத்தைக் குத்தினால் புளித்த காடி நெடியுள்ள திரவம் கசிவது இந்தச் சவ்வூடு பரவலின் அடையாளம். நாள் முழுதும் நீரிலேயே கட்டிக் கிடந்த படகில் இது மிகுதி. ஒவ்வொரு முறையும் கரையேற்றி உலரவிட்ட படகில் அரிது. சில கொப்புளங்களைச் சுரண்டி, உலர்த்தி, எபாக்சி பூசிச் சரிசெய்யலாம்; அடி முழுதும் அம்மை போட்டதுபோல் இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் அப்படகை விட்டுவிடுவதே நல்லது.

உண்மையான ஆபத்து இதனினும் உள்ளே, கண்ணுக்குத் தெரியாத மரத்தில் இருக்கிறது. பழைய படகுகளில் மோட்டார் தொங்கும் பின்பலகையும், அடித்தளத்தின் கீழே முன்பின்னாக ஓடும் நீளச்சட்டங்களும் ஃபைபரால் பொதிந்த ஒட்டுப்பலகையால் ஆனவை. 1990களிலிருந்து பல நிறுவனங்கள் மரத்தை அறவே நீக்கிவிட்டன என்பதால் கட்டப்பட்ட ஆண்டு இங்கே முக்கியமாகிறது. யாரோ எப்போதோ மீன்தேடும் கருவிக்கோ ஏணிக்கோ துளையிட்டு, திருகாணியைச் சுற்றிக் காப்புப் பசை இடாமல் விட்டால் போதும். அவ்வழியே புகும் நீர் வெளியேற வழியின்றித் தங்கி, பூஞ்சை வளர்ந்து, வெளியே பளபளக்கும் படகின் முதுகெலும்பு உள்ளே மக்கிவிடும். சோதிக்கும் முறை எளியது. ஒரு பிளாஸ்டிக் சுத்தியலின் தலையால் பின்பலகையை ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை சிறுசிறு இடைவெளியில் தட்டிச் செல்ல வேண்டும். நல்ல இடத்தில் ‘டக்’ என்று கூர்மையாகத் திரும்பும் ஒலி, மக்கிய இடத்தில் ‘தொப்’ என்று அடங்கிவிடும், சில வேளை துளையின் விளிம்பில் தேநீர் நிறத்தில் ஒரு சொட்டு வெளிப்படும். பிறகு மோட்டாரை உயர்த்திப் பூட்டி, அதன் கீழ்க்காலின் மீது ஒருவர் தம் எடையைச் செலுத்தி அழுத்த, மற்றவர் பின்பலகையின் மேல்விளிம்பைப் பார்க்க வேண்டும். விளிம்பு மோட்டாரோடு சேர்ந்து அசைந்தால் பேச்சுவார்த்தையை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். தரைவிரிப்பின் மீது நடக்கும்போது காலடி பஞ்சுபோல் அமிழ்வதும் இதே நோயின் அறிகுறியே.

எஞ்சினுக்கு உப்பே முதற்பகை. அமெரிக்க ஏரிகளிலிருந்து வந்து வெளிநாட்டுச் சந்தைகளில் மலிவாகக் கிடைக்கும் வேக்போர்டு படகுகள் பலவற்றில், காரின் எஞ்சினையொத்த வார்ப்பிரும்பு எஞ்சின் ஏரிநீரையே நேராகத் தன் உள்வழிகளில் ஓடவிட்டுக் குளிர்கிறது. நன்னீரில் நீண்டகாலம் உழைக்கும் அதே எஞ்சின் கடல்நீரில் உள்ளிருந்தே துருப்பிடித்து, புகைவழிக் குழாய்கள் சில ஆண்டுகளில் ஓட்டையாகி, சிலிண்டருக்குள் நீரை விட்டுவிடும். அவுட்போர்டும் வெளிநீரால்தான் குளிர்கிறது, ஆனால் அது கடலை எண்ணி அலுமினியக் கலவையால் செய்யப்பட்டது, ஓட்டி முடித்ததும் நன்னீர்க் குழாயைச் செருகிக் கழுவிவிடவும் எளியது. வேறுபட்ட உலோகங்கள் உப்புநீரில் ஒன்றாக மூழ்கும்போது அவற்றிடையே மெல்லிய மின்னோட்டம் உண்டாகி, எளிதில் எலக்ட்ரானை இழக்கும் உலோகம் அரிபடுகிறது. மோட்டாரின் உடல் அரிபடாதிருக்க அதைவிட எளிதில் அரிபடும் ஒரு கட்டியைப் பலியாகப் பொருத்துகிறார்கள். கடலுக்குத் துத்தநாகமும், சுண்ணாம்பாறு போன்ற உவர்நீருக்கும் கடலுக்கும் பொதுவாக அலுமினியக் கலவையும், நன்னீருக்கு மெக்னீசியமும் ஏற்றவை. பாதி கரைந்த கட்டி, பாதுகாப்பு வேலை செய்தது என்பதற்குச் சாட்சி. வண்ணம் பூசி மூடிய கட்டி, படகை வைத்திருந்தவர் அதன் பயனை அறியவில்லை என்பதற்குச் சாட்சி.

ஓடிய மணிகளைக் காட்டும் கருவி உரிமையாளர்கள் விரும்பிச் சுட்டும் சான்றாக இருந்தாலும், அது ஒரு பகுதி உண்மையையே சொல்கிறது. மாதந்தோறும் ஓடி, கழுவப்பட்டு, எண்ணெய் மாற்றப்பட்ட மோட்டாரைவிட, உப்புக் காற்றில் ஆண்டுக்கணக்கில் நின்றுபோன குறைந்த மணி மோட்டார் பெரும்பாலும் மோசமானது. ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் மானியால் அளந்து, அவற்றுக்கிடையே 10 விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு இல்லை என்று உறுதிசெய்வதும், கியர் எண்ணெயைச் சிறிது வடித்து அது பால்நிறமாக வெளுத்திருக்கிறதா என்று பார்ப்பதும் மணிகளை எண்ணுவதைவிட நம்பத்தக்கவை. பெட்ரோலைப் பற்றியும் ஒரு சொல்: இந்தியாவில் இப்போது 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்த பெட்ரோல் விற்கப்படுகிறது; எத்தனால் காற்றின் ஈரத்தை ஈர்த்து, ஓர் அளவு தாண்டியதும் நீரோடு சேர்ந்து தொட்டியின் அடியில் தனி அடுக்காகப் பிரிந்துவிடும். மாதக்கணக்கில் நிற்கும் படகுக்கு இது காருக்கு இருப்பதைவிடப் பெரிய தொல்லை. எனவே பழைய ரப்பர்க் குழாய்களை மாற்றுவதற்கும், நீரைப் பிரிக்கும் வடிகட்டி பொருத்துவதற்கும் ஆகும் செலவை வாங்கும் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

கரையில் நின்று பார்த்தது எல்லாம் சரியாக இருந்தாலும் நீரில் ஓட்டிப் பார்க்காமல் பணம் கைமாறக் கூடாது. குளிர்ந்த எஞ்சினை வாங்குபவர் முன்னிலையிலேயே கிளப்ப வேண்டும். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால், கிளம்ப மறுக்கும் நோய் மறைக்கப்பட்டிருக்கலாம். கிளம்பியதும் மோட்டாரின் பக்கத்துளையிலிருந்து நீர்த்தாரை விடாமல் பீறிடுகிறதா என்பது குளிர்விக்கும் பம்பின் நலத்தைக் காட்டும். அடிப்பகுதியில் தேங்கும் நீரின் அளவைப் புறப்படும்போதும் திரும்பும்போதும் பார்த்து ஒப்பிட வேண்டும். வீட்டில் எத்தனை பேர் உண்டோ அத்தனை பேரின் எடையை ஏற்றிக்கொண்டு, மெதுவேகத்தில் சட்டென நிறுத்திப் பார்த்தால், தன் அலையே முன்புறமாக ஏறி உள்ளே வழிகிறதா என்பது தெரிந்துவிடும்; பிள்ளைகள் அணியத்தில் கூடி உட்காரும் குடும்பப் படகுக்கு இதுவே மிகக் கடுமையான சோதனை.

படகை வாங்கிய பிறகும் மறக்கக் கூடாத ஆபத்து ஒன்று உண்டு. ஓடும் எஞ்சினின் புகையில் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அது மூச்சுவழி இரத்தத்தில் புகுந்து ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால், படகின் பின்மேடையைப் பிடித்துத் தொங்கிய நிலையில் மயங்கி மூழ்கி இறந்தவர்கள் அமெரிக்க ஏரிகளில் பலர். எஞ்சின் ஓடும்போது பின்புறத்தில் எவரும் அமரவோ நீந்தவோ கூடாது என்பதையும், ஓட்டுநரைத் தவிர இழுபடுபவரைப் பார்த்துக்கொண்டிருக்க இன்னொருவர் வேண்டும் என்பதையும், ஒவ்வொருவர் உடலிலும் அளவான உயிர்காப்பு அங்கி இருக்க வேண்டும் என்பதையும் குடும்பம் முழுதும் ஏற்றுக்கொண்ட பிறகே கயிறு கட்டப்பட வேண்டும். படகின் தாள்களையும் மறக்கலாகாது. 1917ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்கு மாற்றாக வந்த உள்நாட்டுக் கலங்கள் சட்டம், 2021, விசையால் இயங்கும் கலங்களுக்குப் பதிவையும் தகுதி ஆய்வையும் காப்பீட்டையும் வேண்டுகிறது. ஆகவே படகின் அடிக்கூட்டில் பொறித்துள்ள எண்ணும் மோட்டாரின் எண்ணும் தாள்களில் உள்ள எண்களோடு பொருந்துகின்றனவா என்பதை, சுத்தியலைக் கையில் எடுப்பதற்கும் முன்னரே பார்த்துவிட வேண்டும்.